கதவுக்கு இந்தப் பக்கம்

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘அமெரிக்க அதிரடிப்படை’ என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை, தொலைபேசியில் கேட்டபோது நானே அப்படித்தான் சொன்னேன். அமெரிக்கப் போலீஸில் ஸ்வாட் என்று ஒரு சிறப்புப் படை உண்டு; அதற்குத் தமிழில் முதலில் நாக்குக்கு வருவது அதிரடிப்படைதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் இங்கே ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சத்தியமங்கலம் காடு நினைவுக்கு வந்திருக்கும். இளையவர்களுக்குக் கறுப்பு உடை, முகமூடி, கயிற்றில் இறங்கும் ஆட்கள், சிதறும் கண்ணாடி. அதிர்வது, அடிப்பது என்று இரண்டு வினைகள் ஒட்டிய சொல் அது. நான் இன்று பேசவிருக்கும் ஆட்களின் வேலைநேரத்தில் அந்த இரண்டுக்கும் கிடைப்பது சில நொடிகள். மிச்ச நேரமெல்லாம் அவர்கள் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள்.

அந்த நிற்றலைப் பற்றித்தான் பேச வந்தேன். எந்தக் கதவுக்கு வெளியே நிற்பது, எந்தக் கதவை உடனே திறப்பது, எந்தக் கதவுக்குப் போகவே கூடாது. ஸ்வாட் படைகளின் அறுபது வருட வரலாறு முழுவதும் இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிய கதை.

1966 ஆகஸ்ட் 1. டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம், பல்கலைக்கழக வளாகம், உச்சி வெயில். வளாகத்தின் நடுவில் ஒரு மணிக்கூண்டுக் கோபுரம். அதன் 28ஆவது மாடியில் சுற்றிப் பார்க்க ஒரு மேடை. பழைய மரீன் படை வீரன் ஒருவன், அங்கே படித்துக்கொண்டிருந்தவன், ஒரு பெட்டி நிறையத் துப்பாக்கிகளோடு அந்த மேடைக்கு ஏறினான். நண்பகலுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது சுடத் தொடங்கினான். அடுத்த 96 நிமிடம் கீழே நடந்தவர், ஓடியவர், விழுந்தவரைத் தூக்கப் போனவர் எல்லோரையும் சுட்டான்.

அந்த நகரத்துப் போலீஸிடம் என்ன இருந்தது? இடுப்பில் ரிவால்வர், காரில் ஷாட்கன். இரண்டும் தெருமுனைச் சண்டைக்கான ஆயுதங்கள், கோபுர உச்சியை எட்டாது. ஆளுக்கொரு கைவானொலியும் கிடையாது; தொலைபேசி இணைப்புகள் திணறிப்போயின. ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய் மான்வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்துவந்து மரத்துக்குப் பின்னாலிருந்து மேலே சுட்டார்கள். அது அவனைத் தலைதூக்க விடாமல் செய்தது உண்மை. ஆனால் அதே தோட்டாக்கள் பின்னால் வேறொரு வேலையும் செய்தன.

ரமிரோ மார்ட்டினெஸ் என்ற போலீஸ்காரர் அன்று பணியில் இல்லை. வீட்டில் அடுப்பில் இறைச்சி வறுபட்டுக்கொண்டிருக்க, செய்தி கேட்டுக் கிளம்பி வந்தார். ஹூஸ்டன் மெக்காய் என்ற இன்னொருவர். இவர்களோடு ஆலன் கிரம் என்று ஒரு புத்தகக் கடை ஊழியர், பழைய விமானப்படைக்காரர். படியேறிக்கொண்டிருக்கும்போது அவரையும் போலீஸில் சேர்த்துக்கொண்டதாக வாயால் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான் நியமன உத்தரவு. தற்செயலாகச் சேர்ந்த ஆட்கள். திட்டம் போட்டவர் யாரும் இல்லை. மேடைக்கு வந்து, சுவரோரமாக நகர்ந்து, மூலையில் திரும்பி, மார்ட்டினெஸும் மெக்காயும் அவனைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பயப்பட வேண்டியிருந்தது கீழேயிருந்து வந்துகொண்டிருந்த ஊர்க்காரர்களின் தோட்டாக்களுக்கும்தான். மேலே போலீஸ் வந்துவிட்டது என்று கீழே சொல்ல வழியில்லை.

இந்தக் கதையை அமெரிக்கக் காவல் துறைகள் பலவும் படித்தன. தைரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நகரம் தன் பாதுகாப்பை, பணியில் இல்லாத ஒருவர் செய்தி கேட்டதற்கும் புத்தகக் கடைக்காரர் ஒருவருக்கு மனம் வந்ததற்கும் ஒப்படைக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

கேள்வி எழுந்தது ஆஸ்டினில். விடை வந்தது லாஸ் ஏஞ்சல்ஸில். அங்கே அதற்கு முந்தைய ஆகஸ்டில், 1965இல், வாட்ஸ் பகுதியில் ஆறு நாள் கலவரம் நடந்து 34 பேர் இறந்திருந்தார்கள். ஜான் நெல்சன் என்ற போலீஸ் அதிகாரி, நன்றாகச் சுடத்தெரிந்த, இராணுவ அனுபவமுள்ளவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னார். மேலே இருந்த டேரில் கேட்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். நான்கு நான்கு பேராகப் பதினைந்து குழுக்கள், மொத்தம் அறுபது தன்னார்வலர்கள். வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டே, கூப்பிட்டால் வருவார்கள்.

பெயரைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. கேட்ஸ் முதலில் வைத்த பெயர் ‘சிறப்பு ஆயுதத் தாக்குதல் குழு’ என்ற பொருளில் இருந்தது. மேலதிகாரி எட் டேவிஸ் ‘தாக்குதல்’ என்ற சொல்லை ஒப்பவில்லை. ஸ்வாட் என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சுருக்கம் கேட்ஸுக்குப் பிடித்துப்போயிருந்தது. அது கெடாமல் உள்ளே இருந்த சொற்களை மட்டும் மாற்றி ‘சிறப்பு ஆயுதங்களும் உத்திகளும்’ என்று ஆக்கினார். ‘தாக்குதல்’ போய் ‘உத்தி’ வந்தது. காகிதத்தில் மாறியதுதான். அந்தப் படை இன்றுவரை இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது என்பது என் எண்ணம்.

முதல் பெரிய வேலை 1969 டிசம்பரில், கறுப்பின உரிமைக் கட்சியான பிளாக் பாந்தரின் அலுவலகத்தில். ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு வாரண்ட். நான்கு மணி நேரம், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். கடைசியில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். இரு பக்கமும் காயம், சாவு இல்லை. 1974 மே மாதம் நடந்த இன்னொன்று அப்படி முடியவில்லை. கோடீஸ்வரர் வீட்டுப் பெண் பேட்டி ஹெர்ஸ்டைக் கடத்திய சிறு ஆயுதக் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீட்டுக்குள் இருந்தது. துப்பாக்கிச் சண்டை முற்றி வீடு தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டியது. அடுத்த ஆண்டே ‘ஸ்வாட்’ என்ற பெயரில் ஒரு தொடர் வந்தது. அதன் தலைப்பு இசை அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு சின்ன ஊர்க் காவல் துறைகளுக்கும் அந்த நான்கெழுத்தின் மேல் ஆசை வந்தது என்றால் வியப்பில்லை.

ஆசை எங்கே முட்டும் என்றால், ஆள் கணக்கில். அமெரிக்காவில் காவல் துறை நம்மைப் போல் மாநிலம் முழுவதுக்கும் ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர், மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனி. ஊர்க் காவல் துறைகளில் ஏறத்தாழ பாதியில் பத்து பேருக்கும் குறைவாகத்தான் அதிகாரிகள். நம் ஊர் காவல் நிலையம் ஒன்றில் அதைவிடக் கூட்டம் அதிகம். ஆகவே பெரிய நகரங்களைத் தவிர்த்தால் ஸ்வாட் என்பது முழுநேர வேலை இல்லை. நாலைந்து ஊர்கள் சேர்ந்து ஒரு குழு. அதில் ஒருவர் போக்குவரத்துப் போலீஸ், ஒருவர் திருட்டு வழக்கு விசாரிப்பவர், ஒருவர் பள்ளிக்கூட வாசலில் நிற்பவர். கைப்பேசி அடித்தால் காரின் பின்பெட்டியில் இருக்கும் கவச உடையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். பயிற்சிக்கு மாதம் இரண்டு நாள், பதினாறு மணி நேரம் என்பது அத்துறையினர் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அதைக்கூட ஒதுக்க முடியாத ஊர்கள் உண்டு.

அந்தப் பதினாறு மணி நேரத்தில் என்ன செய்வார்கள்? சினிமா பார்த்த நமக்குச் சுடுவது என்றுதான் தோன்றும். சுடுவார்கள், நிறையவே. ஆனால் எதைச் சுடாமல் விட்டார்கள் என்பதற்குத்தான் மதிப்பெண். பயிற்சிக்கென்றே ஒரு வீடு இருக்கும். தோட்டா துளைக்காத சுவர், மேலே கூரை இல்லாமல் பயிற்றுநர்கள் நடந்துபார்க்க ஒரு பாலம். அறைக்கு அறை மனிதப் படங்களை நிறுத்திவைப்பார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி, ஒருத்தி கையில் கைப்பேசி, ஒரு கிழவர் கையில் டிவி ரிமோட். உள்ளே நுழைபவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். கைப்பேசிக்காரியைச் சுட்டுவிட்டால், மற்ற எட்டு இலக்கையும் சரியாக அடித்திருந்தாலும் அன்றைய பாடம் தோல்விதான்.

பிறகு கதவு. கதவைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் படிக்கிறார்கள். உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கமா? கீல் எந்தப் பக்கம்? மரமா, இரும்பா, தாழ் எத்தனை? உடைக்க இரண்டு கைப்பிடி வைத்த இரும்பு உருளை ஒன்று, நெம்புவதற்குத் தீயணைப்புப் படையிடம் கடன் வாங்கிய கடப்பாரை ஒன்று. கதவு திறந்த பிறகு வாசலில் நிற்கக் கூடாது என்பது பாலபாடம். வெளி வெளிச்சம் முதுகில் பட, நிலைச்சட்டத்துக்குள் நிற்பவன் சட்டம் போட்ட படம்தான், உள்ளே இருப்பவனுக்குக் குறிபார்க்கும் சிரமமே இல்லை. அறையின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொருவருக்கு. முதல் ஆள் இடது மூலையைப் பார்த்தால் இரண்டாமவர் வலது மூலையைப் பார்க்கிறார், முதல் ஆள் பார்ப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகை இன்னொருவரிடம் முழுதாக ஒப்படைப்பது கற்றுவருவதுதான், யாருக்கும் பிறவியில் வருவதில்லை. துப்பாக்கி முனை கூட்டாளியின் உடம்பைக் கடக்கக் கூடாது, விரல் விசையில் இருக்கக் கூடாது. இருபது கிலோவைத் தாண்டும் சுமையோடு இதையே நூறு தடவை. மெதுவாக, இன்னும் மெதுவாக. பரதநாட்டிய வகுப்பில் அடவு எடுப்பது போல என்று எனக்குத் தோன்றும். பார்ப்பவருக்குச் சலிப்பு, செய்பவருக்குத் தொடை நடுங்கும்.

இந்தக் குழுவில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான ஆள் ஸ்னைப்பர். தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவர். அவரைப் பற்றித்தான் எத்தனை படங்கள்! உண்மையில் அவருடைய முதல் வேலை பார்ப்பது, இரண்டாவது எழுதுவது. எதிர்வீட்டு மாடியிலோ புதரிலோ இரண்டு பேராகப் படுத்திருப்பார்கள். ஒருவர் தொலைநோக்கியில் பார்க்க, மற்றவர் நோட்டில் நேரம் போட்டு எழுதுவார். கண் களைத்ததும் இடம் மாற்றிக்கொள்வார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், ஒவ்வொரு மாடிக்கும் எண், ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண். ‘முதல் பக்கம், இரண்டாம் மாடி, மூன்றாம் ஜன்னல், திரை அசைந்தது, இடது கை மட்டும் தெரிந்தது’ என்று வானொலியில் சொல்வார். இருபது வருடப் பணிக்காலத்தில் பயிற்சிக்கு வெளியே ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் ஓய்வுபெறும் ஸ்னைப்பர்கள் உண்டு. நிரம்பிய நோட்டுகளோடு வீட்டுக்குப் போகிறார்கள். அரசு குமாஸ்தா என்று யாராவது அவரைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஸ்வாட் வண்டிக்கு அருகில் இன்னொரு வண்டி நிற்கும். அதில் ஆயுதம் இல்லாத ஒருவர் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பார். அவரைப் பற்றிச் சொல்ல நியூயார்க்குக்குப் போக வேண்டும்.

1972 செப்டம்பரில் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பாலஸ்தீனத் துப்பாக்கிதாரிகள் பிடித்துவைத்ததும், விமான தளத்தில் மீட்க முயன்ற ஜெர்மன் போலீஸ் குளறியதும் உங்களுக்குத் தெரியும். போலீஸ் தரப்பில் ஐந்தே ஐந்து துப்பாக்கிக்காரர்கள், ஒருவரோடு ஒருவர் பேச வானொலி இல்லை. முதலில் இறந்த இருவரோடு சேர்த்து இஸ்ரேல் தரப்பில் பதினொரு பேரும் மாண்டார்கள். இது நம் ஊரில் நடந்தால் என்று நியூயார்க் போலீஸ் யோசித்தது. அங்கே ஹார்வி ஷ்லாஸ்பெர்க் என்று ஒரு துப்பறிவாளர். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தவர். போலீஸில் முனைவர் பட்டம் வைத்திருப்பவரைச் சக ஊழியர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவர் சொன்னது இதுதான்: பணயக்கைதிகளைப் பிடித்திருப்பவனுக்கு முதல் சில நிமிடங்களில் இருக்கும் வெறி மணிக்கணக்கில் தாங்காது. அவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், சிறுநீர் முட்டும். ஆகவே நேரம் போலீஸின் பக்கம். நேரத்தை நீட்டுங்கள்.

1973 ஜனவரியில் சோதனை வந்தது. புரூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை. அங்கே துப்பாக்கியும் விற்றார்கள். அதைக் கொள்ளையடிக்க வந்த நான்கு பேர் சிக்கிக்கொண்டு, கடையில் இருந்தவர்களைப் பிடித்துவைத்தார்கள். ஆரம்பத்திலேயே ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொல்லப்பட்டார். யோசித்துப் பாருங்கள்: கூட்டாளி ஒருவர் தெருவில் செத்துக் கிடந்திருக்கிறார், கொன்றவர்கள் கண்ணெதிரே ஒரு கடைக்குள். கடை முழுக்கத் தோட்டா. சுற்றிலும் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள். நுழையக் கூடாது என்று உத்தரவு. 47 மணி நேரம் நின்றார்கள். முடிவில் பணயக்கைதிகள் ஒரு சுவரை உடைத்து மாடிப்படி வழியாகக் கூரைக்குத் தப்பிவிட, உள்ளே தனித்துப்போன நால்வரும் கைதூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டிலேயே ஷ்லாஸ்பெர்க்கும் ஃபிராங்க் போல்ஸ் என்ற கேப்டனும் பேச்சுவார்த்தைக்கென்று ஒரு குழுவைப் பயிற்றுவித்தார்கள். அமெரிக்கா முழுவதும் அங்கிருந்து பரவிய கலை இது.

அந்தக் கலையின் நுட்பங்கள் வீட்டுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். பேசுபவர் ஒருவர்தான், பக்கத்தில் உட்காரும் இன்னொருவர் வாயே திறக்காமல் துண்டுச் சீட்டு எழுதித் தள்ளிக்கொண்டிருப்பார். குரலை ஏற்றக் கூடாது. அவன் சொன்ன கடைசி இரண்டு சொல்லைத் திருப்பிச் சொன்னால் அவன் மேலே பேசுவான். ‘முடியாது’ என்று நேராகச் சொல்வதில்லை. ‘மேலிடத்தில் கேட்கிறேன்’ என்பார். இதற்காகவே கட்டளையிடும் அதிகாரி தொலைபேசியைத் தொடுவதில்லை, தொலைபேசியில் இருப்பவருக்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. சாப்பாடு கேட்டால் கொடுப்பார்கள், சும்மா கொடுப்பதில்லை. ஒரு பீட்சாவுக்கு ஒரு ஆள் வெளியே வர வேண்டும். மாம்பழ வண்டிக்காரரிடம் நம் வீட்டுப் பெரியம்மா பேரம் பேசும் அதே நிதானம். பேச்சு நீளும்போது இந்தப் பக்கம் கதவருகே கவச உடையில் நிற்பவர்களுக்கு வியர்த்து ஊற்றும், கால் மரக்கும். அதற்குத்தான் அந்தத் தொடைப் பயிற்சி.

இந்தத் தொழிலில் முன்னுரிமைப் பட்டியல் ஒன்று உண்டு. முதலில் பணயக்கைதியின் உயிர், பிறகு அங்கே மாட்டிக்கொண்ட பொதுமக்களின் உயிர், பிறகு போலீஸ், கடைசியில் குற்றவாளி. போலீஸ் மூன்றாவது என்பதைக் கவனியுங்கள். இதைக் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்கப்போகிறேன்.

இனிப் போகக் கூடாத கதவுகள்.

பீட்டர் கிராஸ்கா என்ற பேராசிரியர் இந்தப் படைகளைப் பல வருடம் ஆராய்ந்தவர். அவருடைய மதிப்பீட்டின்படி 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 3,000 தடவை இப்படைகள் இறங்கின. இருபத்தைந்து ஆண்டுகளில் அது 40,000ஐத் தாண்டியது. பணயக்கைதிகள் பதின்மூன்று மடங்கு பெருகிவிட்டார்களா என்ன? போதைப்பொருள் ஒழிப்புக்கு மத்திய அரசின் பணம் வந்தது. இராணுவம் கழித்துப்போட்ட கருவிகள் ஊர்ப் போலீஸுக்கு இலவசமாக வந்தன. குழு இருக்கிறது, வண்டி இருக்கிறது, வேலை வேண்டுமே. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இருபது காவல் துறைகளின் எண்ணூறுக்கு மேற்பட்ட நடவடிக்கைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 79 விழுக்காடு வீட்டைச் சோதனைபோடும் வாரண்டுக்கு. பெரும்பகுதி போதைப்பொருள் வழக்கு. எதற்காக இப்படை பிறந்ததோ அந்தப் பணயக்கைதி, உள்ளே பதுங்கியவன், கண்டபடி சுடுபவன் எல்லாம் சேர்ந்து 7 விழுக்காடு.

வாரண்டுக்குப் போகும்போது நேரம் போலீஸின் எதிரியாகிவிடுகிறது. காத்திருந்தால் பொட்டலம் கழிவறையில் போய்விடும். ஆகவே விடியற்காலையில் கதவை உடைக்கிறார்கள். முதலில் ஒரு குண்டை உள்ளே எறிகிறார்கள். சில்லு தெறிக்காது, கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் செவிப்பறை அதிரும் ஓசையும்தான். உள்ளே தூக்கத்தில் இருப்பவருக்கு வந்தது போலீஸா திருடனா என்று எப்படித் தெரியும்? தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி உரிமையான நாடு அது.

2008 ஜூலையில் மேரிலாந்து மாநிலத்தில் பெர்வின் ஹைட்ஸ் என்ற சிற்றூர். மேயர் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே கஞ்சா. யாரென்றே தெரியாதவர்களின் முகவரிக்கு அனுப்பி, நடுவழியில் எடுத்துக்கொள்வது கடத்தல்காரர்களின் தந்திரம். மேயருக்கும் மனைவிக்கும் ஒன்றும் தெரியாது. மாவட்டத்து ஆயுதக் குழு கதவை உடைத்து உள்ளே வந்தது. அவர்களுடைய இரண்டு லாப்ரடார் நாய்களைச் சுட்டுக் கொன்றது. மேயரை உள்ளாடையோடு கட்டி உட்காரவைத்தது. அந்த ஊருக்கென்று இருந்த போலீஸுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களே போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள். பாதிக்கப்பட்டவர் மேயர் என்பதால் அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: ஒவ்வொரு ஸ்வாட் நடவடிக்கையையும் கணக்குக் காட்ட வேண்டும். காட்டியபோதுதான் தெரிந்தது, அந்தச் சிறு மாநிலத்தில் மட்டும் நாளொன்றுக்குச் சராசரி நான்கு தடவைக்கு மேல். நாயை இழந்தவர் மேயராக இல்லாத வீடுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெட்ராய்ட்டில் 2010 மே மாதம் நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கொலை வழக்கில் ஒருவனைப் பிடிக்க இரவில் போனார்கள். அவன் இருந்தது மேல் வீடு. இவர்கள் நுழைந்தது கீழ் வீடு. ஜன்னல் வழியாக அந்த ஒளிக்குண்டு. நுழைந்த அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து ஒரு தோட்டா. சோபாவில் பாட்டியருகே தூங்கிய ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். கூடவே ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்புக் குழு வந்திருந்தது. 1975இல் அந்த ‘ஸ்வாட்’ தொடரோடு ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

இப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகு பல குழுக்கள் முறையை மாற்றின. வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பொட்டலம் போனால் போகட்டும். ஷ்லாஸ்பெர்க்கின் பாடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் காத்திருப்பதே சரி என்று முடித்துக்கொள்ளலாமா? 1999 ஏப்ரல் 20 வரை அமெரிக்கப் போலீஸ் அப்படித்தான் நம்பியது. கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தார்கள். வந்த போலீஸ்காரர்கள் பாடப்படி செய்தார்கள்: சுற்றி வளை, ஸ்வாட்டைக் கூப்பிடு, காத்திரு. உள்ளே கொன்றவர்களோ எதையும் கேட்கவில்லை, யாரையும் பிடித்துவைக்கவில்லை, பேரம் பேசவில்லை. ஐம்பது நிமிடத்துக்குள் பன்னிரண்டு மாணவர்களைக் கொன்று, ஓர் ஆசிரியரையும் சாகும்படி சுட்டுவிட்டுத் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். அது தெரியாமல் ஸ்வாட் குழு அறை அறையாக, முறைப்படி, மெதுவாக வந்தது. அந்த ஆசிரியர் குண்டடி பட்டு ஓர் அறையில் மணிக்கணக்கில் ரத்தம் கசியக் கிடந்தார். மாணவர்கள் ஜன்னலில் அட்டை எழுதி வைத்திருந்தார்கள், இங்கே ஒருவர் ரத்தம் போய் இறந்துகொண்டிருக்கிறார் என்று. குழு அந்த அறைக்கு வந்தபோது பிற்பகல் இரண்டரை மணியைத் தாண்டியிருந்தது.

அன்றோடு பாடம் மாறியது. உள்ளே சுட்டுக்கொண்டிருந்தால் ஸ்வாட்டுக்குக் காத்திருக்காதே. முதலில் வந்த போலீஸ்காரர் இரண்டு பேரோ ஒருவரோ, சத்தம் வரும் திசைக்குப் போ. வழியில் காயம்பட்டுக் கிடப்பவரைக்கூடத் தாண்டிப் போ. ஸ்வாட் ஆட்கள் மட்டுமே கற்றுவந்த கதவு, மூலை, முதுகு எல்லாம் ரோந்துப் போலீஸுக்கும் பாடமாயின. ரோந்துக் காரிலும் ரைஃபிள் வந்தது. அதற்கு 1997இல் வடக்கு ஹாலிவுட்டில் உடல் முழுக்கக் கவசம் பூட்டிய இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு 44 நிமிடம் போலீஸ் திண்டாடியதும் ஒரு காரணம்.

பாடம் மாறிய பிறகுதான் இதுவும்: 2022 மே 24, டெக்ஸஸ், யுவால்டே. ஆஸ்டினிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிறிய ஊர், ஆனாலும் அதற்கொரு பகுதிநேர ஸ்வாட் குழு இருந்தது. அங்கே பள்ளிகளுக்கென்று தனியாக இருந்த போலீஸார் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இத்தகைய தாக்குதலுக்கான பயிற்சியை எடுத்திருந்தார்கள். தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் நுழைந்து, இரண்டு வகுப்பறைகளில் சுட்டான். மூன்று நிமிடத்தில் போலீஸ்காரர்கள் நடைக்கூடத்தில் இருந்தார்கள். ஊர் ஸ்வாட் குழுவின் தலைவரும் அவர்களில் ஒருவர். கதவை நெருங்கியபோது உள்ளிருந்து தோட்டாக்கள் வந்தன, லேசான காயம் பட்டது, பின்வாங்கினார்கள். அங்கேதான் பெயர் மாறியது. ‘சுட்டுக்கொண்டிருப்பவன்’ என்று இருந்தவன் ‘உள்ளே பதுங்கியவன்’ ஆகிவிட்டான். பதுங்கியவன் என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்த பாடம் தானாக வந்துவிடுகிறது: சுற்றி வளை, பேசிப் பார், கேடயம் வரட்டும், ஆள் வரட்டும். வகுப்பறைக்குள்ளிருந்து பிள்ளைகள் அவசர எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே பெற்றோர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 376 அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். 77 நிமிடம். எல்லைக் காவல் படையின் குழு ஒன்று உள்ளே நுழைந்து அவனைக் கொன்றபோது, பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் உயிர்போகும்படி சுடப்பட்டிருந்தார்கள்.

அந்த முன்னுரிமைப் பட்டியலில் போலீஸ் மூன்றாவது என்று சொன்னேன். அன்று நடைக்கூடத்தில் அது முதலாவதாகிவிட்டது. கோழைகள் என்று ஒரு சொல்லில் முடிப்பது சுலபம், பலர் முடித்துவிட்டார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டேன். நிற்கவும் பயின்றவர்கள், நுழையவும் பயின்றவர்கள். இது எந்தக் கதவு என்று சொல்ல வேண்டிய நிமிடத்தில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தலைமை யார் என்றே அங்கே தீரவில்லை.

காத்திருந்த நேரத்தில் கணிசமான பகுதி சாவி தேடுவதில் போயிற்று. கதவு பூட்டியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். கொத்துக் கொத்தாகச் சாவி வந்தது, வேறு கதவுகளில் போட்டுப் பார்த்தார்கள். அந்த இரண்டு வகுப்பறைகளில் ஒன்றான 111ஆம் அறையின் பூட்டு சரியாக விழாது என்பது பள்ளியில் முன்பே தெரிந்த சங்கதி. டெக்ஸஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை பிறகு சொன்னது: அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டப்படாமலேயே இருந்திருக்க வேண்டும். ஒருவரும் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பத்து மாதம் கழித்து, 2023 மார்ச் 27, நாஷ்வில் நகரில் இன்னொரு பள்ளி. அதன் காணொளியைப் போலீஸே அடுத்த நாள் வெளியிட்டது. சட்டையில் மாட்டிய கேமரா எடுத்தது. ரோந்துப் போலீஸ்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்கி ரைஃபிளை எடுக்கிறார். வாசலில் பள்ளி ஊழியர் ஒரு பெண்மணி நிற்கிறார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிறார், கையில் ஒரு சாவியைக் கொடுக்கிறார். போலீஸ்காரர் பூட்டைத் திறக்கிறார், தன்னோடு வர மூன்று பேரைக் கேட்கிறார். கீழ்த்தளத்தில் அறை அறையாகப் பார்க்கிறார்கள். மேலே சத்தம் கேட்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அறையை அப்படியே விட்டுவிட்டுப் படியேறுகிறார்கள். மூன்று பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும் அதற்குள் இறந்துவிட்டார்கள். முதல் தொலைபேசி அழைப்பு வந்து பதினான்காவது நிமிடத்தில் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கி நின்றுவிட்டது. ஸ்வாட் வண்டிக்கு அங்கே வேலை வரவில்லை.

நேரம் ஆகிவிட்டது, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.